பூட்டும் ஓர் ஆயுதமா?

கைப்பேசியிலோ கணினியிலோ புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது நீண்டதோர் உடன்படிக்கை திரையில் விரிகிறது. அதை நாம் வாசிப்பதில்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். பொறுமையோடு வாசிப்பவர்கள், பல உடன்படிக்கைகளின் இறுதிப் பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டங்களைப் பற்றிய ஒரு பந்தியைக் காண்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் உடன்படிக்கை ஒன்றில், இதைக் கொண்டு அணுவாயுதமோ ஏவுகணையோ இரசாயன, உயிரியல் ஆயுதமோ செய்யமாட்டேன் என்ற வாக்குறுதியும் கேட்கப்படுகிறது. மன்னார்த் தீவில் இருந்துகொண்டு கிராஅத் செவிமடுக்க விரும்பும் ஒரு பிள்ளையும் அணுகுண்டு செய்யமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்த பிறகுதான் அந்த மென்பொருளைத் திறக்கிறாள்.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் இதன் பின்னால் இருப்பது சிரிப்புக்குரிய கதையல்ல. கணினிப் பாதுகாப்பு மென்பொருட்களை எந்த நாட்டுக்கு அனுப்பலாம், எந்த அளவு வலிமையோடு அனுப்பலாம் என்பதை வல்லரசுகள் பல்லாண்டு காலமாகத் தீர்மானித்து வந்துள்ளன. அந்தத் தீர்மானங்களை எடுக்கும் மேசையில் எமக்கு ஆசனம் இல்லை. விளைவு மட்டும் எமது கைப்பேசி வரை வந்து சேர்கிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் மாணவி என்ற வகையில் எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூட்டைக் கட்டுப்படுத்துவது அநீதி, கட்டுப்படுத்த வேண்டியது கன்னக்கோலை.

முதலில் பூட்டு எது என்று பார்ப்போம். எமது செய்தியை அல்லது வங்கிக் கணக்கு விபரத்தை இடையில் நிற்பவர் வாசிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதே மறைகுறியாக்கம். அதைத் திரும்ப வாசிப்பதற்கு ஒரு திறப்பு வேண்டும். அந்தத் திறப்பு உண்மையில் ஓர் எண். சைக்கிளுக்குப் போடும் இலக்கப் பூட்டில் மூன்று சில்லுகள் இருந்தால் ஆயிரம் முறை முயன்று பார்ப்பவன் அதைத் திறந்துவிடுவான். சில்லுகள் கூடக்கூட அவனது வேலையும் கூடும். கணினித் திறப்பின் நீளம் 'பிட்' என்ற அலகில் அளக்கப்படுகிறது. ஒரு பிட் கூடினால் முயன்று பார்க்க வேண்டிய எண்களின் தொகை இரண்டு மடங்காகும். 40 பிட் திறப்புக்கு ஒரு இலட்சம் கோடிக்குச் சற்று அதிகமான எண்கள் உள்ளன. மனிதனுக்கு இது பெரிய தொகை, கணினிக்கு அற்பம். 128 பிட் திறப்புக்கோ 39 இலக்கங்கள் கொண்ட ஒரு தொகை வருகிறது. உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் அத்தனையையும் முயன்று பார்த்து முடிக்க இயலாது.

1990களில் ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் வலிமையான மறைகுறியாக்க மென்பொருளைப் போர்த்தளபாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. துப்பாக்கி, குண்டு, தாங்கி ஆகியவற்றுக்குரிய சட்டமே கணிதச் சூத்திரத்துக்கும். அக்காலத்தில் பிரபலமாக இருந்த நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி இரண்டு வகையாக வெளிவந்தது. அமெரிக்கருக்கு 128 பிட். வெளிநாட்டாருக்கு 40 பிட். ஒரே கடை, ஒரே பெயர், ஒரே பெட்டி. உள்ளே இருந்த பூட்டு மட்டும் வாங்குபவரின் நாட்டைப் பொறுத்து மாறியது.

அந்த ஏற்றுமதிப் பூட்டு எவ்வளவு உறுதியானது? 1995 ஓகஸ்ட் மாதம் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் டாமியன் டொலிஜே, தமது ஆய்வுகூடத்தில் வேலை இல்லாமல் கிடந்த கணினிகளைச் சேர்த்து எட்டு நாட்களில் அதை உடைத்துக் காட்டினார். 1997 ஜனவரியில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பேர்க், 250 கணினிகளைக் கொண்டு வேறொரு 40 பிட் பூட்டை மூன்றரை மணித்தியாலத்தில் உடைத்தார். ஒரு மாணவனால் காலைச் சாப்பாட்டுக்கும் பகற்சாப்பாட்டுக்கும் இடையில் திறக்கக்கூடிய பூட்டைத்தான் உலகத்தின் மற்ற நாடுகள் நம்பி இருந்தன.

இந்தச் சட்டத்தில் அகப்பட்ட சிலரின் கதைகளும் நாம் அறிய வேண்டியவை. பில் சிமர்மன் என்ற மென்பொருள் பொறியியலாளர் 1991 இல் 'பி.ஜி.பி.' என்ற மறைகுறியாக்க மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். சாதாரண மக்களின் கடிதங்களை அரசுகள் திறந்து பார்க்கக்கூடாது என்பதே அவரது நோக்கம். அது இணையம் வழியே கடல் கடந்தது. அனுமதியின்றி ஆயுதம் ஏற்றுமதி செய்தாரா என்று 1993 முதல் அவர்மீது குற்றவியல் விசாரணை நடந்தது. 1996 ஜனவரியில்தான் வழக்குத் தொடராமல் அது கைவிடப்பட்டது.

இன்னொரு கதை. புரூஸ் ஷ்னையர் மறைகுறியாக்கம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் நிரல்களும் அச்சிடப்பட்டிருந்தன. பிலிப் கார்ன் என்பவர், இந்த நூலை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அரசைக் கேட்டார். தாராளமாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. அதே நிரல்களை ஒரு நெகிழ்வட்டில் பதிந்து அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது, அது போர்த்தளபாடம் என்று 1994 இல் பதில் வந்தது! தாளில் இருந்தால் நூல்; வட்டில் இருந்தால் ஆயுதம். இந்த விசித்திரத்தைப் பயன்படுத்தியே பி.ஜி.பி. மென்பொருளின் நிரல் முழுவதும் நூல்களாக அச்சிடப்பட்டு, சட்டப்படி நாட்டைவிட்டு வெளியேறியது. 1997 இல் ஐரோப்பாவில் தொண்டர்கள் பலர் சேர்ந்து ஆயிரக்கணக்கான பக்கங்களை வருடி மீண்டும் கணினியில் ஏற்றினார்கள். எழுத்தை நேசிக்கும் எமக்கு இந்தச் செய்தி பிடித்தமானது. சட்டம் அடைத்த வாசலை ஒரு புத்தகம் திறந்தது.

இவ்விடத்தில் எமது அயலைப் பார்ப்போம். தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கடந்தால் தனுஷ்கோடி, இந்தியா. 1999 ஜனவரியில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ., அமெரிக்காவில் தயாரான வலையமைப்புப் பாதுகாப்பு மென்பொருட்கள் குறித்து அபாய எச்சரிக்கை விடுத்தது. வலிமை குறைத்தே ஏற்றுமதி செய்யப்படும் பூட்டை நம்பி நாட்டின் இரகசியங்களை வைக்க முடியாது என்பது அதன் வாதம். நியாயமான வாதம். ஆனால் அதே இந்தியா, 1990களின் இறுதியில் இணையச் சேவை வழங்குநர்களுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரங்களில் என்ன எழுதியது? அனுமதி பெறாமல் மக்கள் 40 பிட் வரைதான் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டுமானால் அனுமதி பெற்றுத் திறப்பையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியது. பிறகு 2001 ஜூன் மாதம் இந்திய ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்று வழிகாட்டியது. ஒரு கந்தோர் 40 இற்கு மேல் போகாதே என்கிறது. இன்னொரு கந்தோர் 128 இற்குக் கீழே இறங்காதே என்கிறது.

இதில் ஒரு பாடம் உண்டு. வெளிநாட்டான் எமக்கு வலுக்குறைந்த பூட்டைத் தரும்போது கோபப்படும் அரசு, தனது மக்களுக்கும் அதே வலுக்குறைந்த பூட்டைத்தான் கொடுக்க விரும்புகிறது. 2015 செப்டெம்பரில் இந்திய அரசு வெளியிட்ட மறைகுறியாக்கக் கொள்கை வரைவு, மறைகுறியாக்கிய செய்திகளின் வாசிக்கக்கூடிய பிரதியை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அது மீளப்பெறப்பட்டது. ஆசை ஒன்றுதான்: என்னிடம் வலிய பூட்டு இருக்கட்டும், உன்னிடம் நான் திறக்கக்கூடிய பூட்டு இருக்கட்டும்.

அந்த ஆசை ஆசைப்பட்டவரையே ஒருநாள் கடிக்கும். ஐக்கிய அமெரிக்கா 1996 இன் இறுதியில் மறைகுறியாக்கத்தை ஆயுதப் பட்டியலில் இருந்து எடுத்து வர்த்தகத் திணைக்களத்தின் கீழ் கொண்டுவந்தது. டேனியல் பேர்ன்ஸ்டைன் என்பவர் தொடுத்த வழக்கில், கணினி நிரலும் பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று 1996 இலும் 1999 இலும் நீதிமன்றங்கள் கூறின. 2000 ஜனவரியில் விதிகள் பெருமளவு தளர்த்தப்பட்டன. கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பழைய ஏற்றுமதிப் பூட்டுகளைப் பழைய கணினிகளுக்காக விட்டுவைத்திருந்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பின், 2015 மார்ச்சில் 'ஃபிரீக்' என்ற குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது. இடையில் நிற்கும் ஒருவன் எமது உலாவியையும் இணையத்தளத்தையும் ஏமாற்றி, அந்தப் பழைய 512 பிட் ஏற்றுமதித் திறப்பையே பயன்படுத்த வைக்கலாம். (இது வேறு வகைத் திறப்பு, இதற்கு 512 பிட் என்பது மிகவும் சிறியது.) நூறு டொலர் அளவில் செலவழித்துக் கணினி வலுவை வாடகைக்கு எடுத்தால் சில மணித்தியாலங்களில் உடைந்துவிடும். உலாவிகள் பலவும் பாதிக்கப்பட்டன. மறைகுறிகளை உடைப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் சொந்த இணையத்தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு மாதங்கள் கழிந்ததும் 'லொக்ஜாம்' என்ற இன்னொரு குறைபாடு. அதன் வேரும் அதே ஏற்றுமதிப் பூட்டுத்தான்.

பிறத்தியாருக்கென்று பலவீனப்படுத்திய பூட்டு தன் வீட்டு வாசலிலும் தொங்கிக்கொண்டிருந்தது. எவர்மீதும் எனக்குப் பகையில்லை. ஆயினும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பேன். இணையத்தில் உன் பூட்டு, என் பூட்டு என்று இரண்டு இல்லை. ஒரே பூட்டுத்தான்.

'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்' என்று ஏற்றுமதிச் சட்டங்களில் ஒரு சொல் உண்டு. நன்மைக்கும் பயன்படும், போருக்கும் பயன்படும் என்பது பொருள். மன்னாரில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலத்துக்குள் கொண்டுபோகக்கூடாத பொருட்களின் பட்டியலில் மின்கலம் இருந்தது, சீமெந்து இருந்தது, யூரியா இருந்தது, எரிபொருள் இருந்தது. மின்கலம் குண்டுக்கும் பயன்படும் என்பது உண்மை. ஆனால் அது வானொலிக்கும் கைவிளக்குக்கும் பயன்படும். யூரியா வெடிமருந்துக்கும் உதவும். நெல்லுக்கும் அதுதான் உரம். பட்டியலை எழுதியவர்களுக்கு முதற் பயன் மட்டுமே தெரிந்தது. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஆயுதம் தாங்கியோர் தமக்கு வேண்டியதைக் கடல்வழியே கடத்திக் கொண்டுவந்தார்கள். இருட்டில் படித்த பிள்ளையும் விளைச்சல் இழந்த விவசாயியும்தான் பட்டியலின் முழுப் பாரத்தையும் சுமந்தார்கள். 2002 இல் போர்நிறுத்தம் வந்தபோதுதான் பெரும்பாலான தடைகள் நீங்கின.

மறுபுறத்திலும் பட்டியல் இருந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று துப்பாக்கி வைத்திருந்தவர்களே தீர்மானித்தார்கள். காணி உறுதி, நகை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எத்தனையோ அங்கே போயின. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்த தலைமுறை, தான் யார் என்று நிரூபிக்க ஒரு தாளுக்காக அலைந்தது. ஆகவே 'பாதுகாப்புக்காக' என்று ஒருவர் பட்டியல் எழுதும்போது, அது யாருடைய பாதுகாப்பு என்று கேட்கும் உரிமை எமது ஊர்களுக்கு மற்றெவரையும் விடச் சற்று அதிகம் உண்டு.

இன்று அந்தத் தாள்கள் எல்லாம் கணினிக்குள் போகின்றன. பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் திரையில். இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்படும் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் நிறைவேறினால் எமது முகமும் கைரேகையும் கூட உள்ளே போகும். சவூதியிலும் கட்டாரிலும் உழைக்கும் தாய் அனுப்பும் காசு கைப்பேசி வழியே வருகிறது. அவளது குரலும் அவ்வழியேதான் வருகிறது. ஒரு பெண்பிள்ளையின் படம் அவள் விரும்பாத கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. எமக்குப் பூட்டு ஒரு சௌகரியம் அல்ல, மானத்தின் காவல். எமது மார்க்கத்தில் பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். ஒருவர் நம்பிச் சொன்ன சொல்லும் அமானிதமே. அதைக் காக்கும் கருவியை ஆயுதம் என்று எழுதி வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி கன்னக்கோலுக்கு வருவோம். பிறரின் கைப்பேசிக்குள் இரகசியமாக நுழைந்து செய்தி, படம், ஒலிவாங்கி எல்லாவற்றையும் கைப்பற்றும் மென்பொருட்கள் உள்ளன. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் தயாரித்த 'பெகாசஸ்' அவற்றுள் பெயர்போனது. பூட்டு எவ்வளவு வலிமையாக இருந்தாலும், செய்தி திறக்கப்பட்ட பின் உன் தோளின் மேலால் எட்டிப் பார்ப்பது இதன் வேலை. 2021 ஜூலையில் பல நாட்டு ஊடகங்கள் சேர்ந்து, ஊடகவியலாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளரும் இதனால் குறிவைக்கப்பட்டதை வெளிப்படுத்தின. இந்தியாவிலும் பெரும் சர்ச்சை எழுந்தது. இதைக் கள்ளக் கடத்தல் என்று நினைக்காதீர்கள். பெகாசஸின் ஏற்றுமதிக்கு இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவை. அனுமதி கொடுக்கப்பட்டது. வாங்கியவை அரசுகள். ஐக்கிய அமெரிக்கா 2021 நவம்பரில்தான் அந்த நிறுவனத்தைத் தனது கறுப்புப் பட்டியலில் சேர்த்தது.

கவனியுங்கள். சிமர்மன் சாதாரண மக்களுக்கு இலவசமாகக் கொடுத்த பூட்டுக்கு மூன்று ஆண்டுகள் விசாரணை. அரசுகளுக்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்ட கன்னக்கோலுக்கு அனுமதிப்பத்திரம். ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்ற தராசு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

இந்தக் கருவிகளைக் கட்டுப்படுத்த முயற்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். வாசனார் உடன்படிக்கை என்ற பெயரில் 40 இற்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுமதிப் பட்டியல் ஒன்றைப் பொதுவாகப் பேணுகின்றன. இந்தியா 2017 டிசம்பரில் அதில் சேர்ந்தது. இலங்கை உறுப்பு நாடு அல்ல. 2013 டிசம்பரில் அந்த நாடுகள் ஊடுருவல் மென்பொருளையும் பட்டியலில் சேர்த்தன. நோக்கம் நல்லது. ஆனால் சொற்கள் அகலமாக எழுதப்பட்டன. கன்னக்கோல் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து பூட்டைச் சரிசெய்யும் நல்லவரும் அந்தச் சொற்களுக்குள் அகப்பட்டார். ஒரு மென்பொருளில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்தவர், அடுத்த நாட்டில் இருக்கும் தயாரிப்பாளருக்கு அறிவிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய நிலை. 2015 இல் அமெரிக்கா வெளியிட்ட விதி வரைவுக்கு ஆய்வாளர்களும் நிறுவனங்களும் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2017 இறுதியில், ஓட்டைகளை அறிவிப்பதற்கும் தாக்குதல்களுக்கு முகங்கொடுப்பதற்கும் விலக்கு அளிக்கும் வகையில் வாசனார்ப் பட்டியல் திருத்தப்பட்டது. திருத்த முடிந்திருக்கிறது என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. சொல்லைக் கவனமாக எழுதினால் கன்னக்கோலையும் பூட்டையும் வேறு பிரிக்கலாம்.

'அப்படியானால் பயங்கரவாதி கையிலும் வலிமையான பூட்டு இருக்கட்டும் என்கிறாயா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் கொல்லப்பட்ட மக்களை நினைக்கும் எந்த இலங்கையரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. முஸ்லிம்களாகிய நாம் சற்றும் முடியாது. ஆனால் அந்த நாளின் உண்மையையும் பார்க்க வேண்டும். இந்திய உளவுத்துறையின் முன்னெச்சரிக்கை ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே எமது அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. திறக்க முடியாத பூட்டு தடையாக இருக்கவில்லை. கையில் கிடைத்த தகவலின்படி நடக்காததே தவறு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் முன்னாள் ஜனாதிபதி உட்படப் பொறுப்பானவர்கள் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு செலுத்தப் பணித்தது. குண்டுவெடிப்பின் பின் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அப்போது உறவுகளின் நலம் அறிய முடியாமல் தவித்தவர்கள் சாதாரண மக்கள்.

வலிய மறைகுறி விசாரணைகளைச் சில வேளை கடினமாக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குற்றம் செய்ய நினைப்பவனுக்கு வலிமையான பூட்டு எப்படியும் கிடைக்கும். அந்தக் கணிதம் உலகம் முழுவதும் நூல்களில் இருக்கிறது. அமெரிக்க அரசே தனது புதிய நியமப் பூட்டுக்காக 1997 இல் உலகெங்கும் இருந்து விண்ணப்பம் கோரி, 2000 இல் தெரிவு செய்தது இரண்டு பெல்ஜிய நாட்டு இளைஞர்களின் ஆக்கத்தை. ஏ.இ.எஸ். என்ற பெயரில் இன்று எமது கைப்பேசிகளுக்குள்ளும் இருப்பது அதுதான். ஏற்றுமதியைத் தடுத்து வைத்திருந்த நாடு, இறுதியில் பூட்டை இறக்குமதி செய்தது! ஆகவே தடையால் மறிக்கப்படுபவன் குற்றவாளி அல்லன். சட்டத்துக்குக் கட்டுப்படும் சாதாரண மனிதனே.

எமது நாடு என்ன செய்யலாம்? பெரிய நாடுகளின் பட்டியலை நாம் மாற்ற முடியாது. எமது சட்டங்களை நாம் எழுதலாம். 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எமக்கு உண்டு. என் கோரிக்கைகள் மூன்று. மக்களின் பூட்டுக்கு அரசு மறுதிறப்பு கேட்கக்கூடாது. உளவு மென்பொருள் வாங்குவதாக இருந்தால் நீதிமன்றத்தின் மேற்பார்வையும் பாராளுமன்றத்துக்குக் கணக்கும் இருக்க வேண்டும். ஓர் ஓட்டையை நல்லெண்ணத்துடன் கண்டுபிடித்து அறிவிக்கும் மாணவரோ ஆய்வாளரோ குற்றவாளியாக நடத்தப்படாதவாறு சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு இல்லை.

நாம் என்ன செய்யலாம்? கைப்பேசி கேட்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பை 'பிறகு' என்று தள்ளிப்போடாமல் இருப்பது முதலாவது. ஃபிரீக் போன்ற ஓட்டைகள் அடைக்கப்பட்டது அந்தப் புதுப்பிப்புகளால்தான். நிரல் எல்லோருக்கும் திறந்து காட்டப்படும் திறமூல மென்பொருட்களைப் பழகுவது இரண்டாவது. மூடிய பெட்டியில் 40 பிட் இருக்கிறதா 128 இருக்கிறதா என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. திறந்த நிரலை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: கணிதம் படிப்பது.

இந்தத் துறை எமக்கு அந்நியமானது என்று எவரும் நினைக்க வேண்டாம். மறைகுறியை உடைக்கும் முறை பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூலை எழுதியவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் மறைந்த எழுத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் காட்டினார். மறைகுறிக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'சைஃபர்' என்ற சொல்லும் பூச்சியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லில் இருந்து பிறந்ததே. அல் கிந்தியின் அறிவுக்கு அன்று எவரேனும் ஏற்றுமதித் தடை போட்டிருந்தால் உலகம் எவ்வளவு பின்தங்கியிருக்கும்! பெண்களுக்கும் இது புதிய இடமல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பிளெச்லி பார்க்கில் மறைகுறி உடைக்கும் பணியில் இருந்தவர்களில் ஏறக்குறைய முக்காற்பங்கினர் பெண்கள். அதே போரின்போது கொழும்பில் எச்.எம்.எஸ். அண்டர்சன் என்ற நிலையத்திலும் அந்த வேலை நடந்தது. அங்கும் பெண்கள் பணிபுரிந்தார்கள்.

சகோதரிகளே, பிறர் செய்து தரும் பூட்டை வாங்கும் ஊர் எப்போதும் அவர்கள் விதிக்கும் நிபந்தனையையும் சேர்த்தே வாங்க வேண்டும். நல்ல பூட்டு எது, பொய்ப் பூட்டு எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் எமது கல்லூரியில் இருந்து உருவானால் அந்த நிலை மெல்ல மாறும். கணித பாடம் கடினம் என்று கலைப்பிரிவுக்கு ஒதுங்க நினைக்கும் தங்கைமாரிடம் நான் கேட்பது இதுதான்: முடிவெடுக்க முன் ஒருமுறை பகா எண்களைப் பற்றி உங்கள் ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் உம்மாவின் காசையும் குரலையும் காக்கும் பூட்டுகளுக்குள் இருப்பது அந்த எண்கள்தான். அடுத்த பூட்டைச் செய்பவர் எமது கடற்கரையில் இருந்தும் வரலாம், இன்ஷா அல்லாஹ்.